இரண்டும் ஒரே சுண்ணாம்பு

நிலவியல் துறையில் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் தட்டக்காவைத் தெரியும். பாறைத் துண்டுகளைத் தகரத் தட்டில் அடுக்கி மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பது, வகுப்பு முடிந்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் பூட்டுவது, அமிலக் குப்பிகளில் தண்ணீர் கலந்து நிரப்பி வைப்பது, இதெல்லாம் அவள் வேலை. எந்நேரமும் கையில் தட்டோடு அலைந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. துறைத் தலைவரான பேராசிரியரின் மூத்த மகள் அவள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார்.

ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கான முதல் பாறை வகுப்பை அவர்தான் எடுப்பார். நல்ல குரல். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கமே கிடையாது. மேசையில் இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"இது சுண்ணாம்புக்கல். கடலடியில சிப்பியும் சேறும் படிஞ்சு படிஞ்சு இறுகினது. அதனால இது படிவுப் பாறை. உத்துப் பாத்தா உள்ள சிப்பியோட அடையாளம்கூடத் தெரியும். இதையே பூமிக்குள்ள ஆழமாத் தள்ளி, சூட்டுலயும் அழுத்தத்துலயும் போட்டு வதக்கினா உள்ள இருக்கிற சிப்பியெல்லாம் கரைஞ்சு, புதுசாப் படிகம் படிகமாக் கோத்துக்கிட்டு, வெளிச்சத்துல சர்க்கரை மாதிரி மினுக்கும். அதுதான் மார்பிள், சலவைக்கல். உருமாறிய பாறை. ரெண்டுலயும் அமிலம் விட்டா நுரைக்கும், ஏன்னா சரக்கு ஒண்ணுதான். ரெண்டும் ஒரே சுண்ணாம்பு. ஒண்ணு படிஞ்ச இடத்துலயே கிடந்துடுச்சு. இன்னொண்ணு வெந்து மாறிடுச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்.

"என் வீட்டுலயும் அப்படி ரெண்டு உண்டு. மாறினது வெளியூர்ல டாக்டருக்குப் படிக்குது. கிடந்தது, அதோ தட்டோட நிக்குது."

முன்பெஞ்சு முதலில் சிரிக்கும். அதைப் பார்த்துப் பின்பெஞ்சும் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், சொந்த மகளே வாய்மொழித் தேர்வில் மார்பிளைக் கையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்புக்கல் என்று சொன்ன கதையைச் சொல்வார். தங்கை படித்து டாக்டரான பிறகு, படிக்குது என்பதை வைத்தியம் பாக்குது என்று திருத்திக்கொண்டார். மற்றபடி ஒரு வார்த்தை மாறாது. தட்டக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தட்டில் கற்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் பிடித்துக்கொள்ள அவளுக்குப் பழகியிருந்தது.

அந்த வாய்மொழித் தேர்வில் நடந்தது வேறு. அப்போது அவளும் அதே துறையில் முதல் வருஷ மாணவி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ராத்திரியெல்லாம் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, தலைகூடச் சரியாக வாராமல் நேரே தேர்வுக்கு வந்து நின்றாள். அப்பா ஒரு கல்லை எடுத்து நீட்டினார். அவள் அதைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, மார்பிள் என்றாள். சரியான பதில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நிச்சயமாவா?" என்று கேட்டார். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் கேட்கிற அதே குரல். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குப்பியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தாள். நுரைத்தது. நுரையைப் பார்த்ததும், சுண்ணாம்புக்கல் என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். பின்னால் காத்திருந்த மாணவர்களைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு, துறையில் நிலைத்துப்போன முதல் சிரிப்பு.

அந்த மாதமே அம்மா போய்ச் சேர்ந்தாள். தங்கை விடுதிப் பள்ளியில் இருந்தாள். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. படிப்பு வராத பிள்ளையை எதற்குக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர் மகளை நிறுத்தினார். கொஞ்ச காலம் கழித்து ஆய்வுக்கூட உதவியாளர் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு அவளையே கொண்டுவந்து போட்டார். பெற்ற மகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என்று ஊர் அவரை மெச்சியது. அவளும் ஒருநாள் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நாள் வகுப்பு தொடங்கியது.

பல வருஷங்கள் இப்படியே ஓடின. அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் இருக்கும்போது கண் மங்க ஆரம்பித்தது. வீட்டில் டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி மேசையைத் துடைத்தாள். டாக்டரிடம் போனார், ரகசியமாக. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, போனது போனதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளிடம் மட்டும், அதுவும் வேறு மாதிரி சொன்னார்.

"இனிமே தட்டுல சுண்ணாம்புக்கல் என் இடது கைப்பக்கம், மார்பிள் வலது கைப்பக்கம். எப்பவும் அப்படியே வை."

சரிப்பா என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றக் கற்களை அவர் சமாளித்துவிடுவார். சிலேட்டுக் கல்லைச் சாவியால் தட்டினால் கணீரென்று கேட்கும். அது உருமாறுவதற்கு முன்னால் இருந்த களிப்பாறையைத் தட்டினால் மொத்தென்றுதான் இருக்கும், மூச்சு விட்டால் சேற்று வாசம் வேறு வரும். மணற்கல் கையில் உதிரும், அது உருமாறி வந்த கல் கண்ணாடியையே கீறும். ஆனால் சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும் அப்படியில்லை. கனமும் ஒன்று, குளிர்ச்சியும் ஒன்று, அமிலத்துக்கு நுரைப்பதும் ஒன்று. பார்க்கத்தான் வேண்டும்.

அதிலிருந்து அவள்தான் அவருக்குக் கண். தாழ்வாரத்தில் அரை அடி முன்னால் நடப்பாள். படி வந்தால் லேசாக இருமுவாள். எதிரே யாராவது வந்தால், "வணக்கம் சார்" என்று ஆளைத் தெரிகிற மாதிரி முந்திக்கொண்டு சொல்வாள். பிள்ளைகளின் தேர்வுத் தாளை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவாள். கல்லூரியில் ஒருவருக்கும் சந்தேகம் தட்டவில்லை. வயதாக ஆக மகள்மேல் பாசம் கூடிவிட்டது, கூடவே வைத்துக்கொண்டு அலைகிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் முதல் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லமாட்டார் என்று அவள் நினைத்திருந்தாள். சொன்னார். அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல், "அதோ தட்டோட நிக்குது" என்று வெறும் சன்னலைப் பார்த்துக் கையை நீட்டினார். பிள்ளைகள் திரும்பிச் சன்னலைப் பார்த்துவிட்டு விழித்தார்கள். அவள் சத்தம் காட்டாமல் நகர்ந்துபோய், அவர் கை நீட்டிய இடத்தில் நின்றுகொண்டாள். அப்புறம்தான் வகுப்பு சிரித்தது.

நூலகர் அவளைப் பெண் கேட்டு வந்தது இந்தச் சமயத்தில்தான். கல்லூரி நூலகத்தில் இருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் நூலகத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது கொஞ்ச நாளாக நடந்துவந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் படித்த கதையைச் சொல்வார், அவள் டப்பாவில் இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பேராசிரியர் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். அவள் அடுப்படியில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா முதலில் கல் கதையைச் சொல்லிச் சிரித்தார். நூலகர் மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு உள்ளிருந்தே தெரிந்தது. நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம் அப்பாவின் குரல் தாழ்ந்தது.

"உங்ககிட்ட மறைக்கக்கூடாது தம்பி. இவ அம்மாவுக்கு இருந்த வியாதி இவளுக்கும் இருக்கு. ரத்தத்துலயே வர்றது. வெளியில சொல்றதில்ல. குழந்தை குட்டின்னு ஆசைப்படாம இருந்தா, எனக்கு ஆட்சேபணையே கிடையாது."

அப்படி ஒரு வியாதியே அவளுக்கு இல்லை. அம்மா செத்தது கவனிக்காமல் விட்ட காய்ச்சலில். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் காப்பியோடு வெளியே வருவதற்குள் நூலகர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவசர வேலை என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து நூலகத்தின் பின்வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவள் அப்பாவிடம் கேட்டாள். வாழ்க்கையில் அவரை எதிர்த்து அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? எனக்கு ஒரு வியாதியும் இல்லியே."

அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நாற்காலிக் கையைத் தடவியபடி, "நீ போயிட்டா எனக்கு யாரு தட்டு வைப்பா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு வார்த்தையில ஓடிட்டான். அவனைப் போயி பெரிசா நினைச்சே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. அடுப்பில் காய்ந்து ஒட்டியிருந்த பாலைச் சுரண்டப் போனாள்.

பேராசிரியர் ஓய்வு வயதைத் தாண்டியும் பணியில் தொடர விண்ணப்பித்திருந்தார். கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வகுப்பெடுக்கிற அழகை நேரில் பார்க்க ஒரு குழு வந்தது. குழுவின் தலைவர் அவருடைய பழைய மாணவர். வந்ததும் குனிந்து காலைத் தொட்டார். பிள்ளைகளோடு பிள்ளைகளாகக் குழுவினரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

தட்டக்கா அன்று காலை அலமாரியின் அடித்தட்டைத் திறந்து இரண்டு கற்களைத் தேர்ந்தெடுத்தாள். அவசரப்படவில்லை. இரண்டும் ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்து மழமழவென்று தேய்த்தவை. தடவினால் வித்தியாசம் தெரியாது. சுண்ணாம்புக்கல்லின் தேய்த்த முகத்தில் சிப்பிகள் வளைவு வளைவாக, கோலிக்குண்டை இரண்டாக வெட்டியது போலத் தெளிவாகத் தெரிந்தன. மற்றது வெள்ளை மார்பிள். இரண்டையும் ஈரத் துணியால் துடைத்தாள். தட்டை அப்பாவின் முன்னால் வைத்தபோது, சுண்ணாம்புக்கல் வலது கைப்பக்கம் இருந்தது, மார்பிள் இடது கைப்பக்கம்.

அவர் அன்றைக்கு அற்புதமாகப் பேசினார். கடலைப் பற்றிச் சொன்னபோது பெஞ்சில் ஒரு அசைவு இல்லை. சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல் இது என்று, ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளை மார்பிளை எடுத்துத் தூக்கிக் காட்டினார். முன்பெஞ்சில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவர் வலது கையில் மற்றக் கல்லை எடுத்தார்.

"இப்ப இதைப் பாருங்க. அதே சரக்குதான், ஆனா உருமாறிடுச்சு. சிப்பி இருந்த தடமே கிடையாது. சூடு எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. தேடினாலும் கிடைக்காது."

சொல்லிக்கொண்டே சுட்டுவிரலைக் கல்லின்மேல் ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார். விரல் சரியாக ஒரு சிப்பியின்மேல் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமான இடத்தில் நிறுத்தி, வீட்டில் இருக்கிற இரண்டைப் பற்றியும் சொன்னார். அதற்கும் சிரிப்பு வரவில்லை. அந்த அமைதி அவருக்கு விளங்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்போது முன்பெஞ்சுப் பெண் தயங்கித் தயங்கி, "சார், உங்க விரலுக்கு அடியில சிப்பி இருக்கு சார்" என்றாள்.

அவர் விரலை எடுத்துவிட்டார், நெருப்பைத் தொட்டது மாதிரி. பிறகு மகள் இருக்கிற திசையைத் தேடித் திரும்பினார். மாற்றி வைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கையில் இருக்கிற கல்லைப் பார்த்தால் தெரியாதா என்று அடுத்த கேள்வி வரும். இதையெல்லாம் அவர் யோசிப்பது அவளுக்கு முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தடுமாறி அமிலக் குப்பியை எடுத்தார். முதல் சொட்டு மேசையில் விழுந்தது, அடுத்தது அவர் கால்சட்டையில். மூன்றாவது கல்லில் விழுந்து நுரைத்தது. மற்றதில் விட்டாலும் நுரைத்திருக்கும்.

பழைய மாணவர் எழுந்து வந்தார். பேராசிரியரின் முகத்துக்கு நேரே ஒரு தடவை கையை ஆட்டிப் பார்த்தார். கண் அசையவில்லை. "போதும் சார். உக்காருங்க" என்று தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். குரலில் இருந்த பரிவுதான் அவரை உடைத்தது. வைதிருந்தால் பதிலுக்கு வைதிருப்பார். பிள்ளைகள் சத்தமில்லாமல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தட்டக்கா மேசையில் சிந்திய அமிலத்தைத் துடைத்தாள். சுண்ணாம்புக்கல்லை எடுத்துத் தட்டில் அதன் இடத்தில் வைத்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் வழக்கம் போல அரை அடி முன்னால் நடந்தாள். கல்லூரி வாசலில் படி வந்தது. அவள் இருமவில்லை. பின்னால் அவர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து தூக்கிவிட்டு, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள். வாசல் காவலாளி ஓடிவந்து, பாத்துக் கூட்டிட்டுப் போகக்கூடாதாம்மா என்று கடிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நீதானே மாத்தி வச்சே?"

"ஆமா."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கோ சலுகை காட்டுகிற குரலில், "அந்த வாய்மொழித் தேர்வுல நீ முதல்ல சரியாத்தான் சொன்னே" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷமும் அவருக்கு அது மறந்துபோயிருக்கும் என்று அவள் ஒரு ஆறுதல் வைத்திருந்தாள். அன்றோடு அதுவும் போனது.

பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. பிரிவு உபசாரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு டாக்டர் தங்கை காரில் வந்தாள். வந்ததும் அக்காவைத்தான் பிடித்துக்கொண்டாள். கண் போகிறது என்று ஏன் சொல்லவில்லை, கூடவே இருந்து என்ன பார்த்தாய் என்று கேட்டுவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம். அடுத்த வாரமே கார் திரும்பி வந்தது. அவருக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள்.

"அவருக்கு அங்க பழகலக்கா. எங்க வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. உன்னை மாதிரி பொறுமை எனக்குக் கிடையாது" என்று வாசலிலேயே நின்று சொன்னாள். கார் இன்ஜினை நிறுத்தவில்லை.

தட்டக்காவின் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. புதுத் துறைத் தலைவி அவளை மரியாதையாக நடத்தினாள். ஒருநாள் நூலகத்துக்குப் போய், புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நூலகரிடம், எனக்கு வியாதி எதுவும் இல்லை, அப்பா சொன்னது பொய் என்று நேராகச் சொன்னாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை அலமாரியில் வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் விரலில் மோதிரம் புதிதாக இருந்தது. அன்னிக்கே கேட்டிருக்கலாமே என்று அவளுக்கு வாய் வரை வந்தது. அந்த மனிதரின் பயந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லவும் மனசில்லாமல் போயிற்று.

வீட்டில் அவளுக்கு ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. அப்பாவின் நாற்காலியை இன்று சன்னலோரம் போடுவாள், நாளை அலமாரிப் பக்கம். தண்ணீர்ச் செம்பை ஒரு கை எட்டாத தூரத்தில் வைப்பாள். அவர் காற்றைத் தடவிக்கொண்டு தேடுவதைச் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் உடனே போவாள். கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். முதலில் பேரைச் சொல்லி அதட்டியவர், கொஞ்ச காலத்தில் அம்மா, கொஞ்சம் வாம்மா என்றார். அவளுக்கு அதில் வெட்கம் இருந்தது. வெட்கத்தைவிட ருசி கூடுதலாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் யாருக்கு வாய்க்கும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிள்ளைகளைப் பாறை பார்க்க மலைப்பக்கம் அழைத்துப் போகும்போது தட்டக்காவும் வரட்டும் என்று புதுத் தலைவி சொன்னாள். அப்பா இருந்தவரைக்கும் அவளை அழைத்துப் போனதே இல்லை. தையல்காரம்மாவிடம் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டுப் போனாள். மலையில் அவள் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடினாள். ஓடையில் காலை நனைத்தாள். கல் ஒன்றையும் கையில் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் சொன்னபடி வந்து சேர்ந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரி அலுவலகத் தட்டச்சுக்காரியின் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, பேசிச் சிரித்து, நன்றாகத் தூங்கினாள். மறுநாள் மத்தியானம்தான் தெருவுக்குள் வந்தாள்.

அப்பா வாசற்கதவுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தது. காலில் செருப்பு. தையல்காரம்மா மூச்சிரைக்க வந்து, நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இப்படியேதான் இருக்கிறார், படுக்கவும் இல்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை, தெருவில் எந்த வண்டி போனாலும் எழுந்து எழுந்து உட்காருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் காலடிச் சத்தத்தை வைத்து மகளைத் தெரிந்துகொண்டார்.

"பஸ் லேட்டாம்மா?"

"இல்ல" என்றாள்.

அவள் பையை உள்ளே வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு வந்தாள். மூன்று நாள் தூசி கூடத்தில் படிந்திருந்தது.

"காலைத் தூக்குங்க. பெருக்கணும்."

அவர் செருப்போடு இரண்டு காலையும் சட்டென்று தூக்கினார், சொன்னதை உடனே கேட்கிற பிள்ளை மாதிரி. அவள் நாற்காலிக்கு அடியில் பெருக்கினாள். கூடத்தைப் பெருக்கினாள். அடுப்படிக்குப் போய் அங்கேயும் பெருக்க ஆரம்பித்தாள். நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நடுங்குகிற கால்களை அவர் தூக்கியபடியே வைத்திருந்தார். இறக்கலாம் என்று அவள் சொல்லவில்லை.